வழுவழுப்பான தண்ணீர்

கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். விரல் வழுக்கியது.

ஆறு வருடம் சோப்புத் தொழிற்சாலையில் சோப்புக் காய்ச்சுகிற கொப்பரை கழுவியவள் அவள். கடைசியாக அலசிய தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் காஸ்டிக் சோடா இன்னும் போகவில்லை என்று அர்த்தம். ஆனால் இது கண் கழுவுகிற உப்புத் தண்ணீர். இது ஏன் வழுக்குகிறது?

“எரியுதுக்கா.”

“ஆறுற புண்ணு எரியத்தான் செய்யும். ஆட்டாத தலைய. பச்சப் புள்ளயாட்டம்!” அக்கா செல்லமாக அவள் மூக்கைத் திருகிவிட்டுக் கண்ணில் கட்டுப் போட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் வேலையில் காஸ்டிக் கரைசல் முகத்தில் தெறித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் விடாமல் கழுவியும் இடது கண் போய்விட்டது. வலது கண் பிழைத்துவிடும், மூன்று வேளையும் கழுவி மருந்து விட்டால் போதும் என்றார் டாக்டர். போன வாரம் கட்டை அவிழ்த்தபோது ஜன்னல் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. இப்போது அதுவும் மங்கிக்கொண்டே வந்தது. நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மத்தியானம் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறி கிறீச்சிட்டது, பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைத்தார்கள், அக்காவின் செருப்பு மருந்து அலமாரியைத் தாண்டி, சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியருகில் நின்றது, அழுத்தித் திருகினால்தான் திறக்கிற ஒரு மூடி ‘டக்’ என்றது, அப்புறம் தண்ணீரில் ஏதோ சரசரவென்று விழுந்து மெல்லச் சீறியது. தொட்டிக்கு அடியில், சாக்கடை அடைப்பு நீக்க வாங்கி வைத்த காஸ்டிக் டப்பா. அந்தச் சீறலை அவள் தினமும் வேலையில் கேட்டிருக்கிறாள்.

ஊட்டிவிட்ட கை. தலை வாரிவிட்ட கை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே!

விபத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் தனியாக வேறு ஊரில் அறை பார்த்திருப்பதாக அக்காவிடம் சொன்னாள். அக்கா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

காலையில் விட்டது இமைக்குள் இன்னும் எரிந்தது. உடனே கழுவ வேண்டும். நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

எழுந்தாள். சுவரைத் தடவினாள். ஏழு அடி வைத்தால் குளியலறை. சமையலறையில் சத்தம் நின்றிருந்தது. குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். கண் கட்டைப் பிய்த்தாள். குழாயைத் திருகினாள்.

குழாய் ஒரு தடவை விக்கியது. காற்று வந்தது.

இன்னும் திருகினாள்.

ஒரு சொட்டுக்கூட இல்லை.

“வராதுடி. மேல டேங்க் வால்வ மூடிட்டேன்.”

குரல் கதவுக்கு வெளியே இல்லை. காதோரம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுக்கு முன்னாலேயே உள்ளே வந்திருக்கிறாள்.

“அக்கா... வேணாங்க்கா.”

“கண்ணு சரியானா நீ போயிடுவ. அப்புறம் நான் யாருக்குச் சமைக்கிறது, சொல்லு?”

ஒரு கை தாடையைத் தாங்கி நிமிர்த்தியது. அவ்வளவு பாசமாக. இரண்டு விரல்கள் வலது இமையை விரித்தன.

பார்வையை மறைத்த வெள்ளைப் புகை கொஞ்சம் விலகியது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு ஒரு முகம் தெரிந்தது. அழுதழுது வீங்கி, சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சாய்ந்த, கண் கழுவுகிற பாட்டிலின் வாய்.

“மேல பாரு, தங்கம்.”