கைநாட்டு

"எங்க அக்காவோட ஃபைல் வேணும்."

பதிவேட்டு அறையின் கம்பி ஜன்னலுக்கு அப்பால் குமாஸ்தா தலையைத் தூக்கினார். மதியம் இரண்டரை மணி.

இதைக் கேட்கவே கூடாது என்பதுதான் வீட்டு உத்தரவு. "அங்க போய் எதை வேணா கேளு. அக்கா பேச்சை மட்டும் எடுக்காத," என்று சொல்லித்தான் அம்மா இவள் கையில் பையைக் கொடுத்தாள். பத்து வருஷமாக வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அக்கா காய்ச்சலில் போய்விட்டாள், அவ்வளவுதான். அப்போது இவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுதியில் இருந்தாள். அவர்கள் சொன்னதைத்தான் நம்ப முடிந்தது.

நேற்று காலை மருத்துவர் அண்ணனுடைய தாள்களைப் புரட்டியபடி சிரித்தார். "முதல் கிட்னி அக்கா கொடுத்தது, இப்போ தங்கச்சி கொடுக்கப்போகுது. கொடுத்து வெச்ச ஆளுப்பா நீ."

அக்கா கிட்னி கொடுத்தது இவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் சுவரைப் பார்த்தான். அப்பா கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேனா கசிந்துவிட்டதாம்.

"பத்து வருஷத்து ஃபைலா?" என்றார் குமாஸ்தா. "அதெல்லாம் கீழ குடோன்ல மூட்டை கட்டிப் போட்டாச்சு. உனக்கெதுக்கும்மா அது? படிச்ச பொண்ணு மாதிரி இருக்க."

"படிச்சதாலதான் சார் கேக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "நாலு மணிக்கு வா. பாக்கறேன்."

கிட்னி கொடுப்பவர்களுக்கான அறை மூன்றாவது மாடியில். இரண்டு கட்டில்கள், ஒரு ஜன்னல். சோதனைக்காக ஒரு நாள் முழுக்க வரும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து வைக்க வேண்டும். "அது உன் சொத்து, ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது," என்று நர்ஸ் அதன்மேல் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி என்றும் சொல்லியிருந்தாள்.

காலிதான். ஆனால் அதன் விரிப்பு கசங்கியிருந்தது.

காலையிலிருந்து இரண்டு முறை இழுத்துச் செருகிவிட்டாள். இப்போதும் நடுவில் ஒரு பள்ளம். யாரோ வலது பக்கமாக ஒருக்களித்து, இடது பக்கத்தைக் கட்டிலில் படவிடாமல் படுத்திருந்தது போன்ற பள்ளம்.

மூன்றாவது முறையும் நீவிவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பின்னால் கட்டில் முனகியது.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். இப்போது தலையணையும் அமுங்கியிருந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. அஞ்சலகத்தில், ரேஷன் கடையில் முகர்ந்த வாசனை. முத்திரை மை.

நாலு மணிக்குக் குமாஸ்தா ஜன்னலில் இல்லை. சாவிக்கொத்தோடு படியேறி வந்தவர், "இன்னிக்கு குடோன் பூட்டு தொறக்க மாட்டேங்குது, நாளைக்கு…" என்று ஆரம்பித்துத் தன் மேஜையைப் பார்த்து நின்றார். டீ தம்ளருக்குப் பக்கத்தில் புழுதி படிந்த ஒரு ஃபைல் இருந்தது. மேலே அக்காவின் பெயர், அதன்கீழ் 'ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல், மரணம்' என்று ஒரு வரி.

"இதை யாரு எடுத்து வெச்சது?"

அறையில் வேறு யாரும் இல்லை. அவர் அதைத் தொடாமல், ஸ்கேலால் அவள் பக்கம் தள்ளினார். "இங்கயே படிச்சிட்டுப் போயிடும்மா."

நர்ஸின் குறிப்பு ஒன்று: காலை 9.10. நோயாளி அழுகிறார், ஒத்துழைக்கவில்லை. தூக்க மருந்து கொடுக்கப்பட்டது.

அடுத்த பக்கம் சம்மதப் பத்திரம். காலை 9.40. விருப்பத்துடன் தருகிறீர்களா என்ற கேள்விக்குக் கீழே 'சம்மதம்' என்று அப்பா எழுதியிருந்தார். 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் ஊதா நிறத்தில் பெருவிரல் ரேகை.

அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு விடுமுறை முழுக்க, சமையலறைத் தரையில், பழைய நோட்டின் பின்பக்கத்தில். கடைசி எழுத்தை மட்டும் அக்கா எப்போதும் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடுவாள். "அதுக்குக் கால் வலிக்குதுடி, உக்காந்துக்குது," என்பாள். அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள். முதல் கையெழுத்தை ஒரு பெரிய இடத்தில் போட்டுக் காட்டணுமாம்.

அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் விரலைப் பிடித்திருக்க மாட்டார். கையெழுத்தைப் போலியாகப் போட்டிருப்பார்.

அவள் அந்த ரேகையைத் தொட்டாள்.

ஈரம்.

ஐந்து மணிக்கு ஆலோசகர் மேடம் அவளிடம் தனியாகச் சம்மதம் கேட்பார். வீட்டார் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது மருத்துவமனை விதி. வாசலில் மெத்தை போட்ட பெஞ்சில் அப்பா காத்திருந்தார். எதிரே கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் டயாலிசிஸ் கட்டிலில் கண்மூடிக் கிடந்தான். அவன்மேல் கோபம் இல்லை என்றால் அது பொய். பாசம் இல்லை என்றாலும் பொய்.

"ஒரே கேள்விதான் கேப்பாங்க," என்றார் அப்பா. "சரின்னு சொல்லிட்டு வந்துடு."

"அக்கா சரின்னு சொன்னாளா?"

"அவ எழுதப் படிக்கத் தெரியாதவ. நான்தான் அவளுக்காக…"

நிறுத்திக்கொண்டார். கைக்குட்டை முழுக்க ஊதாவாகியிருந்தது. விரல்களில் இருந்த கறை இப்போது உள்ளங்கைக்கு வந்திருந்தது.

உள்ளே ஆலோசகர் கதவைச் சாத்தினார். "பயப்படாதம்மா. இங்க நீயும் நானும் மட்டும்தான். உனக்கு இஷ்டம் இல்லேன்னா சொல்லு. பொருந்தலைன்னு வீட்ல சொல்லிடுவோம். காரணம் வெளிய போகாது."

"பொருந்தலைன்னு சொல்ல வேணாம் மேடம். பொருந்துது. நான் மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

"உங்கண்ணன்…"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். இந்த வீட்ல யாரும் கேக்கறதில்ல, எடுத்துக்கறாங்க."

பத்திரத்தில் 'சம்மதம் இல்லை' என்று எழுதித் தன் பெயரை முழுதாகப் போட்டாள். எழுதும்போது முழங்கையில் குளிர்ச்சியாக ஏதோ உரசியது. அவள் கையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

ஆலோசகர் தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஒரு கையெழுத்து போதும்மா. கீழ இன்னொரு பேரு எதுக்கு?"

ஊதா மை. கோணல்மாணலான எழுத்து. கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது.

"அது எங்க அக்காவோட பதில் மேடம்," என்றாள். "எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்."

கதவைத் திறந்தாள். அப்பா எழுந்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். சட்டைக் கைக்குள் கறை மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது. அவள் நிற்கவில்லை.

போகிற வழியில் கொடுப்பவர்களின் அறை திறந்திருந்தது. பக்கத்துக் கட்டிலின் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது. வலது பக்கமாக.

அவள் படியிறங்கினாள்.