கவிழ்த்து வைத்த டம்ளர்

காலை மணி 9.12.

தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்த கிளார்க்கம்மா, கையிலிருந்த ஜெராக்ஸ் கட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, முட்டி போட்டு, தன் மேசைக்கு அடியிலேயே தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார் தலைமையாசிரியர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படிச் செய்திருந்தால் விதி எண் சொல்லிக் கண்டித்திருப்பார்.

"என்ன சார் காணோம்?"

அவர் எழுந்தார். பேசவில்லை. துண்டுச் சீட்டு ஒன்றில் எழுதி நீட்டினார். 'பல் செட். மேல் வரிசை. யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.'

கிளார்க்கம்மாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். பதினோரு மணிக்குப் புதிய பெற்றோர்கள் அறுபது பேர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளியின் நாற்பத்திரண்டு விதிகளையும் அவர்களுக்குப் படித்து விளக்கவேண்டியவர் இவர். எழுதியவரும் இவரே. பென்சிலை எந்தப் பக்கம் சீவுவது என்பதிலிருந்து, கொட்டிய பாலை யார் துடைப்பது, விழுந்த பல்லை எங்கே சேர்ப்பது, அறையை விட்டுக் கிளம்பும்போது என்னென்ன செய்வது என்பது வரை மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் புத்தகத்தைத்தான் கிளார்க்கம்மா எட்டரை மணியிலிருந்து கோடி அறையில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சீட்டு வந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு தானாக இறங்கிவிட்டது. 'விதி 31. காணாமல் போன பொருளுக்கு அறைச் சாவி வைத்திருப்பவரே பொறுப்பு. அன்று பதினோரு மணிக்குள் பொருள் வராவிட்டால் வேலை நீக்கம். ஆயாவைக் கூப்பிடுங்கள்.'

9.20. ஆயா வந்தார். பதினாறு வருடமாக அந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைப்பவர். அழுகிற பிள்ளை எதுவானாலும் முதலில் ஓடிப் போய் ஒட்டிக்கொள்வது அவருடைய இடுப்பில்தான். 'விலை உயர்ந்த பொருள் ஒன்றைக் காணோம்' என்று மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டது.

"எட்டே காலுக்குப் பெருக்கினேன். அப்புறம் இந்தப் பக்கமே வரலை. பாத்ரூம் கழுவிட்டிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா ஆயாம்மா?"

"பாத்ரூம் கழுவறத யாரு வந்து பாப்பாங்க?"

தலைமையாசிரியர் மூன்றாவது சீட்டை எழுதினார். 'திங்கட்கிழமை இவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.' கேட்கவே வேண்டாம். கிளார்க்கம்மாவும் அங்கேதான் இருந்தார். துடைப்பத்தை அதற்குரிய கொக்கியில் மாட்டவில்லை என்று அதைப் பறிமுதல் செய்தபோது, 'ஒரு நாள் நீங்களும் இப்படித் தேடுவீங்க சார்' என்று ஆயா பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். வாய்க்கொழுப்பு அவ்வளவுதான், களவு கிடையாது. ஆனால் ஆயாவைக் கூப்பிட்டனுப்பியதுமே ஆசிரியர்கள் அறையில் குசுகுசுப்பு ஆரம்பித்துவிட்டது.

ஆயா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தார். "நான் எடுக்கலை. ஆனா என்னத்தன்னே சொல்லாம என்கிட்ட கேட்டா, நான் எப்படி இல்லைன்னு காட்டறது?" கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

கிளார்க்கம்மாவுக்குச் சுருக்கென்றது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு நோட்டைத் திறந்தார்.

"எத்தனை மணிக்குக் கழட்டினீங்க சார்?"

'8.50. புதுசு. ஈறைக் கடிக்கிறது. மேசை மேல் டம்ளர் தண்ணீரில் போட்டேன்.'

"அப்புறம்?"

'8.55. தெருமுனையில் இரண்டு வேன்கள் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. காவலாளி கூப்பிட்டார். கைக்குட்டையோடு ஓடினேன். கதவைச் சாத்தவில்லை. 9.10க்குத் திரும்பினேன்.'

"அந்த டம்ளர் எங்க?"

அவர் ஜன்னலோரம் கையைக் காட்டினார். முழங்கால் உயரத் தட்டில், கழுவி, ஈரம் சொட்டக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது டம்ளர்.

"நீங்க வெச்சீங்களா?"

'இல்லை.'

"நாற்காலி மேசைக்குள்ள தள்ளியிருக்கே. அது?"

'தலைதெறிக்க ஓடினேன். எங்கே தள்ள?'

அப்போது மேசை மேலிருந்த சீட்டுகள் பறந்து கிளார்க்கம்மாவின் மடியில் விழுந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"சார், ஃபேன் போட்டது யாரு?"

'நான்தான். போகும்போதும் ஓடியது. வரும்போதும் ஓடியது. இது முக்கியமா?' முக்கியமா என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

கிளார்க்கம்மா பிரதிகளில் ஒன்றைப் புரட்டி ஒன்பதாம் விதியைப் படித்தார். பிறகு சுவரிலிருந்த சுவிட்சின் அருகே போய் நின்றார். அது அவருடைய தலை உயரத்தில் இருந்தது. அங்கிருந்து சட்டென்று வாசலுக்கு நடந்தார்.

9.50. வாசல் கூண்டில் காவலாளி தாமதச் சீட்டுப் புத்தகத்தைக் காட்டினார். தாமதமாக வரும் பிள்ளை அதில் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போகவேண்டும். ஐந்து நிமிடம் காத்திருந்தும் அவர் வராவிட்டால் வகுப்புக்குப் போகலாம். அன்றைய அடிக்கட்டை ஒன்றே ஒன்று. மணி 8.57. ஒன்றாம் வகுப்பு. ஊரே 'சிட்டு' என்று கூப்பிடும் பெண்.

10.05. சிட்டு வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்பல் இரண்டும் இல்லை.

"ஹெச்.எம். சார் ரூமுக்குப் போனியா கண்ணு?"

"போனேன் மிஸ். சார் இல்ல. நூறு வரைக்கும் ரெண்டு தடவ எண்ணிட்டு வந்துட்டேன்."

"அங்கேருந்து எதையாவது திருடினியா?"

"திருடக் கூடாது மிஸ். விதி நாலு."

"டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சது யாரு?"

"நான்தான்." குரலில் பெருமை.

"டம்ளருக்குள்ள என்ன இருந்துச்சு?"

சிட்டு உதடு இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல ஒரு மூடல்.

"சொல்ல மாட்டியா?"

"சொல்லக் கூடாது மிஸ்."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"சாரே."

கிளார்க்கம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு நேராக நர்ஸ் அறைக்குப் போனார்.

10.35. தலைமையாசிரியர் அறைக் கதவு மறுபடி சாத்தப்பட்டது. அவர் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

"குற்றவாளியக் கண்டுபிடிச்சுட்டேன் சார்," என்றார் கிளார்க்கம்மா. "நீங்கதான்."

அவர் சீட்டு எடுப்பதற்குள் கிளார்க்கம்மா தொடர்ந்தார்.

"திருட வந்தவங்க டம்ளரைக் கழுவி வெக்க மாட்டாங்க, நாற்காலியத் தள்ள மாட்டாங்க. ஒன்பதாம் விதி என்ன சொல்லுது? அறைய விட்டுப் போகும்போது டம்ளரக் கழுவிக் கவுக்கணும், நாற்காலிய உள்ள தள்ளணும், ஃபேன நிறுத்தணும். வந்த ஆள் முதல் ரெண்டையும் செஞ்சாச்சு, மூணாவதச் செய்யலை. ஏன் செய்யலை? ஆயாம்மாவா இருந்தா சுவிட்ச் எட்டும். டீச்சருங்களுக்கு எட்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட எம்பினா எட்டும். சுவிட்ச் எட்டாத, உங்க விதியெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கற ஆளு இன்னிக்கு இங்க வந்திருக்கு. ஒன்றாம் வகுப்பு சிட்டு."

'திருடினாளா?'

"திருடலை சார். பதினேழாம் விதி. பல் விழுந்தா உறையில போட்டுப் பேரு, வகுப்பு எழுதி நர்ஸ் ரூம் பெட்டியில சேக்கணும். விழுந்தவங்களப் பத்திப் பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. அதான் நான் கேட்டும் வாயத் திறக்கலை. பெட்டிய நர்ஸம்மா சாயங்காலம்தான் திறப்பாங்க. அதனால யாருக்கும் தெரியலை."

அவர் உறையை மேசையில் வைத்தார். உப்பி, கிழியும் நிலையில் இருந்தது. மேலே கோணல்மாணலான பென்சில் எழுத்து. பெயர்: ஹெச்.எம். சார். வகுப்பு: எல்லா வகுப்பும். எத்தனை பல்: நிறைய. ஓரத்தில், 'அழாதீங்க, திரும்ப முளைக்கும்.'

தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். தோள் குலுங்கியது. கிளார்க்கம்மா முதலில் பயந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, மனிதர் பொக்கை வாயோடு, கைக்குட்டையைக்கூட மறந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இருபது வருடச் சிரிப்பையும் சேர்த்துவைத்துச் சிரித்தார் கிளார்க்கம்மா.

பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு வந்ததும் அவர் பேசிய முதல் வாக்கியம், "யாருக்கும் தெரிய வேண்டாம், சரியா?" என்பதுதான்.

"ஆயாம்மா திருடினாங்கன்னு ஸ்கூல் பூரா பேச்சு சார். என்ன காணாமப் போச்சு, எங்க கிடைச்சுதுன்னு சொல்லாம அந்தப் பேர எப்படித் துடைக்கறது?"

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "பல்லுன்னு சொல்லணுமா?"

"சொல்லணும் சார்."

11.00. கூடம் நிறைந்திருந்தது. ஆசிரியர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கடைசியில், பையைத் தோளில் மாட்டி வீட்டுக்குக் கிளம்பத் தயாராக, ஆயா. தலைமையாசிரியர் விதிப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், தண்ணீர் குடித்தார்.

"இன்னிக்குக் காலைல என் பல் செட் காணாமப் போச்சு," என்றார்.

கூடம் ஒரு கணம் திகைத்தது. அவர் நிறுத்தவில்லை. டம்ளர், மின்விசிறி, உறை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சிட்டுவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. 'எல்லா வகுப்பும்' என்றபோது பெற்றோர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். 'முளைக்கும்' என்றபோது ஒரு தகப்பனார் நாற்காலியிலிருந்து சரிந்தேவிட்டார். ஊர் சிரிக்கிற நடுவில் நிற்பது இவ்வளவு இதமாக இருக்கும் என்று தலைமையாசிரியர் எதிர்பார்க்கவே இல்லை. அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறு வயசுக் குழந்த என் விதிய ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா. நான் புரிஞ்சுக்கலை. ஒரு தப்பும் பண்ணாத ஒருத்தங்கள அழ வெச்சேன். முப்பத்தியொண்ணாம் விதி இன்னியோட கிடையாது." பேனாவை எடுத்து எல்லோரும் பார்க்க அதை அடித்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, கூடத்தின் கடைசி வரை நடந்து போய், சாவிக்கொத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க ஆயாம்மா."

ஆயா உடனே வாங்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சார். அடுத்த தடவ எது காணாமப் போனாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. சேந்து தேடலாம்."

"சரிம்மா," என்றார் தலைமையாசிரியர். ஆயா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தோள்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.