வெல்டிங் வெச்சவன் உள்ள உக்காரணும்

இல்ல, கயிறு அறுந்து விழல. அறுந்திருந்தா நான் இவ்ளோ தூரம் டைப் பண்ணிட்டு இருக்கவே மாட்டேன். தொய்ஞ்சுது. தரையில நிக்கிற நீர்மூழ்கிக்குள்ள, சுத்தி ஒரு சொட்டு தண்ணி இல்லாத எடத்துல தொய்ஞ்சுது.

அந்தக் கயிறு எதுக்குன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். புதுசா கட்டின நீர்மூழ்கிய முதல் தடவ ஆழத்துல இறக்கும்போது, உள்ள இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுத்துக்கு ஒரு கயித்த விறைப்பா கட்டுவாங்க. கீழ போகப் போக கடல் நாலாபக்கமும் இரும்ப அமுக்கும். இரும்பு சுருங்கும். கயிறு நடுவுல தொங்க ஆரம்பிக்கும். புதுப் பசங்க அதப் பாத்து வெளிறிப் போகணும், அதுக்குன்னே கட்டுறது.

பழைய கப்பலுங்களப் பாதுகாக்குற எங்க கிளப்புக்கு, ஜெர்மனில ப்ரேமன் தாண்டி வேசர் ஆத்தங்கரைல ஒரு பழைய ஷெட்டு இருக்கு. உள்ள, ரெண்டாம் உலகப் போர் முடியுற நேரத்துல கட்டின நீர்மூழ்கியோட ஒரு துண்டு. துண்டுன்னா நிஜமாவே துண்டு. அந்த மாடல ஒரே எடத்துல கட்டல. எட்டுத் துண்டாப் பிரிச்சு, கடலையே பாக்காத ஊர்ல இருக்குற இரும்புக் கம்பெனிங்ககிட்ட குடுத்து, கடைசில கொண்டாந்து ஒட்டினாங்க. காகிதத்துல அது பிரமாதமான டிசைன், எவன் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனா நிஜத்துல ஒண்ணோட ஒண்ணு பொருந்தல. நூறுக்கு மேல கட்டி, சண்டைக்குன்னு கெளம்பினது ரெண்டே ரெண்டு. கட்டினவங்கள்ல நெறய பேரு வெளிநாட்லேருந்து பிடிச்சுட்டு வந்த கைதிங்க.

கிளப் தலைவர் டெட்லெவ் ப்ரூக்கன். அவர் தாத்தா அந்த நீர்மூழ்கிங்களக் கட்டின தளத்துல மேஸ்திரி. அதச் சொல்லாம அவரால காபி கூட குடிக்க முடியாது.

அன்னிக்கு சனிக்கிழமை மதியம். மறுநாள் ஜனங்க பாக்க வர்றாங்கன்னு நான்தான் கயித்தக் கட்டிட்டு இருந்தேன். என் அக்கா லெவ்கே உள்ள இருக்குற தண்ணித் தொட்டில ஒரு விரிசல வெல்டிங் வெச்சு முடிச்சிருந்தா. அவளுக்கு வேலையே அதான்.

டெட்லெவ் மீன் பன்ன மென்னுக்கிட்டே குனிஞ்சு பாத்தார். "எங்க தாத்தா இருந்திருந்தா இந்நேரம் உன்னத் தூக்கி உள்ள போட்டிருப்பாரு லெவ்கே."

"எதுக்கு? அழகா இருக்கேன்னா?"

"அவர் ரூல் அது. யாரு வெல்டிங் வெச்சானோ அவன் தொட்டிக்குள்ள உக்காரணும். மூடியப் போட்டு, வெளிலேருந்து தண்ணிய அடிச்சு சோதிப்பாரு. கசிஞ்சா மொதல்ல நனையப் போறது அவன்தான். அப்பறம் எவன் ஏனோதானோன்னு வெப்பான்?"

"கேக்கவே கேவலமா இருக்கு."

"முழுசா கேளு. ஒரு போலந்துக்காரன். அவன் வெச்சது மட்டும் பொட்டு கசியல. தாத்தாவே அசந்துட்டாரு. அந்த நேரம் பாத்து சாப்பாட்டு மணி. சூப்ப குடிச்சு, சுருட்டு பிடிச்சு, நெதானமா வந்து தொறந்தா..." டெட்லெவ் சிரிச்சார். "தண்ணியே போகாத எடத்துல காத்து மட்டும் போகுமா என்ன?"

லெவ்கே சிரிக்கல. "அவர் பேரு என்ன?"

"எவனுக்குத் தெரியும்."

அவ லைட்ட எடுத்துக்கிட்டு தொட்டிக்குள்ள எறங்கினா, உள்பக்கம் சரியா பிடிச்சிருக்கான்னு பாக்க. டெட்லெவ் என்னப் பாத்து கண்ணடிச்சார். அந்த இரும்பு மூடியோட ஒரு பக்கத்தத் தூக்கினார்.

"பிடிடா த்யார்க். சும்மா கிளப் வீடியோவுக்கு."

பிடிச்சேன். மூடியத் தொட்டி மேல எறக்கினதும் அவர் நட்டுங்கள முடுக்கினார்.

உள்ளேருந்து லெவ்கே குரல் வந்துச்சு. "தொறங்க டெட்லெவ். எனக்கு இது பிடிக்கல."

"ஒரு நிமிஷம் செல்லம். நல்லா வெச்சிருக்கியான்னு பாப்போம்."

அப்பதான் என் காது அடைச்சுது. லிப்ட்ல வேகமா கீழ போனா அடைக்குமே, அந்த மாதிரி. தலைக்கு மேல இரும்பு முனகுச்சு, மெதுவா, நீளமா, பல்லக் கடிச்சுக்கிட்டு வலிய அடக்குற மாதிரி. எங்கேருந்தோ வெந்த டர்னிப் கிழங்கு வாசன. ஆறிப் போன, தண்ணியா இருக்குற சூப்போட வாசன.

திரும்பிப் பாத்தேன்.

கயிறு தொங்கிட்டு இருந்துச்சு.

"தொறங்க," ன்னேன். டெட்லெவ் ஸ்பேனரப் போட்டார். நட்டு அசையல. நான் போட்டேன். அசையல. ரெண்டு பேரும் சேந்து தொங்கினோம், ஸ்பேனர் வழுக்கி என் வெரல் முட்டி கிழிஞ்சுது. வெட்டுற மெஷின எடுத்தேன், சுவிட்சப் போட்டா உசுரே இல்ல.

உள்ள லெவ்கே தட்டினா. டம், டம், டம்.

தொட்டியோட இன்னொரு மூலைலேருந்தும் தட்டுச் சத்தம். அதே நேரத்துல.

டெட்லெவ் ஸ்பேனரக் கீழ வெச்சார்.

"த்யார்க்." மூடிக்கு ரொம்பப் பக்கத்துல வாய வெச்சுப் பேசுறா. "மூச்சு முட்டுது, அதனால ஒரே தடவதான் சொல்வேன். இங்க இன்னொருத்தர் இருக்கார்."

"லூசு மாதிரி பேசாத."

"என் முதுகோட முதுகா உக்காந்திருக்கார். ரொம்ப ஒல்லி. எலும்பு குத்துது." கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டா. "ஒண்ணு கேக்குறார்."

"என்ன?"

"மூடினது எத்தன பேருன்னு."

டெட்லெவ் என் கையப் பிடிச்சுக்கிட்டார். வேணாம்னு தலைய ஆட்டினார். மீசைல மீன் துணுக்கு ஒட்டிட்டு இருந்துச்சு. உள்ள லெவ்கே தட்டுறது நின்னுடுச்சு. மத்த மூலைல நிக்கல.

"ஒருத்தர்," ன்னேன். "டெட்லெவ் ப்ரூக்கன். ஒருத்தர்தான்."

நட்டு கையாலயே சுத்திச்சு.

லெவ்கேய இழுத்து வெளிய போட்டேன். உதடு நீலம். காது தொறந்துச்சு, வாசன போயிடுச்சு, கயிறு பழையபடி விறைப்பா நின்னுச்சு. டெட்லெவுக்கு கொஞ்ச நேரத்துல தைரியம் வந்துடுச்சு.

"நட்டு ஜாம் ஆயிடுச்சு, அவ்ளோதான். வெளிய போய் உளறி கிளப்ப நாறடிக்காதீங்க." மிச்ச பன்ன எடுத்துக்கிட்டு, கார்ல ஏறிப் போயிட்டார்.

திங்கக்கிழமை கெடச்சார். ஆத்தங்கரை பார்க்கிங்ல, அதே கார்ல. பயர் சர்வீஸ் ஆளுங்களால கதவத் தொறக்க முடியல, மேல்கூரைய வெட்டித்தான் எடுத்தாங்க. நாலு கதவு, ஜன்னல் விளிம்பு, காத்து வர்ற ஓட்ட, எல்லாத்தச் சுத்தியும் வெல்டிங் வெச்சிருந்துச்சு. கண்ணாடிய இரும்போட ஒட்ட முடியாது. ஒட்டியிருந்துச்சு.

உள்பக்கத்துலேருந்து.

அவரோட பத்து வெரல்லயும் நகம் இல்ல. மடியில பன்னு சுத்தின காகிதம்.

போலீஸ் லெவ்கே மேலதான் சந்தேகப்பட்டாங்க. கூட்டிட்டுப் போய் காட்டினாங்க. அவ அந்த விளிம்ப வெரலால மெதுவாத் தடவிப் பாத்தாளாம். "இது என் கைவேல இல்ல," ன்னிருக்கா. "இவ்ளோ நல்லா எனக்கு வராது."

நான் போய் கார்ல கூட்டிட்டுத் திரும்பி வர்ற வழியில ஒரே ஒரு தடவதான் என்கிட்ட பேசினா. ரோட்டப் பாத்துக்கிட்டே கேட்டா. "அந்த மூடி எவ்ளோ கனம் த்யார்க்?"

நான் ரேடியோவ சத்தமா வெச்சேன்.

இன்னிக்குக் காலைல என் ரூம்ல ஒரு கயிறு கட்டினேன், இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுத்துக்கு. கிட்டார் கம்பி மாதிரி விறைப்பா. செங்கல் செவுரு, சுருங்காது. இப்ப அது கீபோர்டத் தொடுற அளவுக்கு எறங்கிடுச்சு, தள்ளித் தள்ளித்தான் டைப் பண்றேன். காது லேசா அடைக்குது. கீழ் வீட்டுல யாரோ சூப் வெக்கிறாங்க போல. அந்த மூடிய ஒரே ஆளா தூக்கவே முடியாது, குறைஞ்சது ரெண்டு பேரு வேணும். ஆனா அந்தப் போலந்துக்காரர் உள்ளதானே இருந்தார், வெளிய நடந்தது அவருக்கு எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்க, தெரிஞ்சிருக்குமா?