எட்டு வாளி மிச்சம்

நாற்பது வாளி மண் பிடிக்கிற பெட்டி முப்பத்திரண்டோடு நிரம்பிவிட்டது.

சசிக்குமார் மறுபடி எண்ணினான். மிக்ஸர் ஓரத்தில் எட்டு வாளி மிச்சம். மாத்தளையில் அந்த வார்ப்புப் பட்டறையில் சேர்ந்த நாலு மாதத்தில் மண் குறைந்ததுண்டு, மிஞ்சியதில்லை. வெள்ளிக்கிழமை மதியம், முதலாளி பதுர்தீன் முதல் எல்லோரும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். மண்ணை இறுக்கும் ரெசின் பசையின் வாடை மூக்கை அரித்தது, தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று விரிந்தது, அரிசி ஆலைச் சக்கரம் வார்க்கப் பெட்டிக்குள் வைத்த மர மாதிரி அச்சைச் சுற்றி இறுகத் தொடங்கிய மண் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

ஒரு ஆள் எத்தனை வாளி?

அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் கூட வேலை செய்யும் றம்ஸி. மண் கொட்டுமுன் இடுப்பளவுப் பெட்டிக்குள் இறங்கி அச்சின் தூசியைத் துடைப்பது அவன் வேலை. சசிக்குமார் காதில் பாட்டை மாட்டி, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிக்ஸருக்கு மண் அள்ளிப் போட்டான்; கலந்த மண் மிக்ஸர் வாயிலிருந்து தானாகப் பெட்டிக்குள் கொட்டியது. எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் கழுத்துவரை மண் விழும்வரை ஒருவன் சும்மா குந்தியிருப்பானா? றம்ஸி சோம்பேறிதான். அவ்வளவு சோம்பேறியில்லை.

போன் அடித்தான். பதிலில்லை. பள்ளியில் குத்பா பிரசங்க நேரம், எடுக்கமாட்டான். பெட்டியில் காதை வைத்தான். எதுவுமில்லை. மண்வெட்டியை ஓங்கிப் போட்டான்.

ணங்.

ரெசின் மண் கல்லாக இருபது நிமிடம் போதும். முடிந்திருந்தது.

பின்கதவு கிரீச்சிட்டது. தொப்பியோடு றம்ஸி.

“எங்கடா போன?”

“ஜும்மாவுக்கு. வேற எங்க, படத்துக்கா?”

“நீ உள்ள மாட்டிக்கிட்டன்னு நெனச்சு போன் அடிச்சேன்டா.”

“மண்ணுக்குள்ள கவரேஜ் இருக்காடா.”

சசிக்குமார் சிரித்தான். அப்படியானால் உள்ளே இருப்பது யார்? பாரம் தூக்கும் செயின் புளொக்கை இழுத்துப் பெட்டியைப் புரட்டினான்.

“விடு, மூடிருவோம்,” என்றான் றம்ஸி, கை கொடுக்காமல்.

அச்சு கழன்றது.

சக்கரப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம். முழங்காலைக் கட்டிக் குந்திய ஆளின் அளவு. உள்ளே யாருமில்லை. ரெசின் மண் எதையும் தவறவிடாது. தொப்பியின் தையல். விரல் நகம். புருவ மயிர். அண்ணாந்து திறந்த வாய்.

றம்ஸியின் வாய்.

சசிக்குமார் திரும்பவில்லை. பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சூடு. விரலிடுக்குகளிலிருந்து கறுப்பு மணல் அவன் சட்டைப்பைக்குள் சரசரவென்று இறங்கியது. நின்றபாடில்லை.