சாயும் பக்கம்

மறுபடியும் சாய்ந்தது.

ஹெப்ரான் கையை எடுத்ததும் அந்தக் கருங்கவச வீரன் இடுப்பு மடங்காமல், முழங்கால் வளையாமல், கணுக்காலிலிருந்து மெதுவாகச் சரிந்து மேசையில் குப்புற விழுந்தான். மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய பொம்மை. காலையிலிருந்து ஒவ்வொரு பாகமாக அது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி, பிசிறு உரசி, பூட்டி முடித்திருந்தான். முகமூடியின் கூர்மையும் மார்புக் கவசத்தின் மங்கிய பளபளப்பும் சின்ன வயதில் டி.வி.யில் பார்த்தபடியே இருந்தன. நிற்க மட்டும் மாட்டேன் என்றது.

கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குக் கிளம்பிய அவன் மனைவி ஸ்டெபி, வாசலில் குடையை விரித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னுமா அந்தப் பொம்மையோட மல்லுக்கட்டுதிய? பாப்பா உள்ள தூங்குதா. எந்திரிச்சா கேக்குமா உங்களுக்கு?"

"கேக்கும். நீ போயிட்டு வா."

"என் நெயில் பாலிஷ வேற எடுத்தாச்சு" என்று முனகிக்கொண்டே போனாள்.

மூட்டு தளர்ந்திருந்தால் நெயில் பாலிஷை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் இறுகிவிடும். பூசினான். ஊதி ஊதிக் காயவைத்தான். பாளையங்கோட்டையில் மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கொல்லைத் தகரத்தில் அது ஒரே சீராகக் கொட்ட, உள்ளே மின்விசிறிக்கடியில் காயப்போட்ட குழந்தைத் துணிகளின் ஈர வாசமும் பவுடர் வாசமும் பாலிஷின் நெடியோடு கலந்து தலையைக் கனக்கச் செய்தன. நிறுத்தினான்.

சாய்ந்தது.

எரிச்சலோடு ஷிபினைப் போனில் கூப்பிட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி; இதே பொம்மையைப் போன வாரம் வாங்கியவன்.

"ஏலே, இது நிக்கவே மாட்டேங்கு. காசைக் கரியாக்கிட்டேம்லே."

"என்கிட்ட இருக்கது கல்லு மாதிரி நிக்கி. எந்தப் பக்கம் சாயுது?"

"அடுப்படிப் பக்கமா."

"திருப்பி வச்சுப் பாரு. முன்னால சாஞ்சா கணுக்கால், பக்கவாட்டுல சாஞ்சா இடுப்பு."

திருப்பி வைத்தான். இப்போது முதுகுப்பக்கமாகச் சாய்ந்தது, அடுப்படியைப் பார்த்தே. பக்கவாட்டில் வைத்தான். அப்போதும் அடுப்படிப் பக்கமே.

"தரை வாட்டமா இருக்கும்லே" என்று சிரித்துவிட்டு ஷிபின் வைத்துவிட்டான்.

மேசைக்கால்களுக்கு அட்டை கொடுத்து எதிர்ப்பக்கமாகவே சரித்து வைத்தான். பொம்மை அந்தச் சரிவுக்கு எதிராக, மேட்டுப்பக்கமாகச் சாய்ந்தது. ஹெப்ரானுக்குப் பின்கழுத்தில் ஒரு கூச்சம் ஓடியது. அதை உதறித் தள்ள எரிச்சல் போதுமானதாக இருந்தது. வெடுக்கென்று பொம்மையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சமையல் மேடையில் நிறுத்தினான்.

கொல்லைக் கதவை நோக்கிச் சாய்ந்தது.

"அங்கன என்னதான் இருக்கு உனக்கு?"

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தான். மழை. துவைகல். நனைந்த முருங்கை. சாரலோடு சேறு கிளறிய மாதிரி ஒரு வாடை உள்ளே வந்தது. ஆற்றங்கரை மாதிரியும் இருந்தது, ஆறு மாதிரி இல்லாமலும் இருந்தது. யாருமில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

வாடை போகவில்லை.

மேடையில் விழுந்து கிடந்த பொம்மையை எடுத்து நிறுத்தினான். அது விழவில்லை. பாதி சாய்ந்த நிலையிலேயே நின்றது, அவன் நெஞ்சை நோக்கி. பிறகு, அவன் தொடாமலே, அந்தச் சாய்வு நகர்ந்தது. அவன் இடது தோள் பக்கம். அடுப்படி வாசல் பக்கம். தன்னைக் கடந்து நடந்துபோகிற ஒருவரைக் கண்ணால் பின்தொடர்கிற மாதிரி.

இப்போது அது சாய்ந்திருந்தது படுக்கையறையை நோக்கி.

பாப்பா.

பொம்மையைக் கையோடு பிடித்தபடி ஓடினான். வழியில் அலமாரியில் தோள் இடித்தது. படுக்கையறை இருட்டாயிருந்தது. சுவிட்சைத் தட்டினான். வெளிச்சம் வந்தது. ஒருவருமில்லை. சேலைத் தொட்டில் அசையாமல் தொங்கியது. உள்ளே குழந்தை விழித்திருந்தாள். அழவில்லை.

"ஒண்ணுமில்ல மக்ளே. அப்பா வந்துட்டேன்."

அவளை வாரி எடுத்து இடது கையில் அணைத்துக்கொண்டான். சூடாக, பத்திரமாக, முழுக் கனத்தோடு அவள் தோளில் சாய்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. அறை முழுக்க அந்தச் சேற்று வாடை.

வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

பொம்மை நேராக நின்றது.

எந்தப் பக்கமும் சாயவில்லை. கையை அசைத்துப் பார்த்தான்; அது அசையவில்லை. முன்னாலும் இல்லை. பின்னாலும் இல்லை. அப்படியானால்...

நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ச்சியாக. பைய வழிந்தது.

குழந்தை அவன் தோளிலிருந்து முகத்தை எடுத்து மேலே பார்த்தாள். பொக்கை வாயோடு சிரித்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

ஹெப்ரான் அவளை இறுக்கிப் பிடித்தான்.

அவன் கையில் அவள் கனம் குறைய ஆரம்பித்தது.