அக்கா பெல்

மாலை ஐந்து நாற்பதுக்கு ஷீலாவின் திரையில் ஒரு பச்சைப் புள்ளி கூடியிருந்தது.

கூடியது ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று காட்டிய எண், இப்போது பதின்மூன்றில் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வருஷமாக அந்த எண்ணைத் தவிர வேறு துணை இல்லாத பெண்ணுக்கு அதில் ஒன்று கூடினால் தெரியாமல் போகுமா? இப்படி மழை கொட்டுகிற ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கம்பெனியும் புதிதாக ஒரு பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டிருக்காது.

ஷீலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடி, தான் கண்ணால் பார்த்தே இராத பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கும் நெட்வொர்க்குக்கும் காவல் இருப்பது அவள் வேலை. எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் ஒரே திரையில் கொண்டுவந்து கொட்டும். கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தத் திரையைச் சுவரில் இருந்த டி.வி.யிலும் தெரிகிற மாதிரி இணைத்திருந்தாள். ஓடுகிற கருவி பச்சை. நின்றுபோனால் சிவப்பு, கூடவே கீச் கீச்சென்று ஓர் ஒலி. சிவப்பைப் பார்த்தவர் 'அக்னாலெட்ஜ்' பொத்தானை அழுத்தி ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும். நான் பார்த்துவிட்டேன், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்வது அது. அழுத்தியதும் சிவப்பு மஞ்சளாகும், ஒலி அடங்கும், அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் அந்தக் கருவி வாயைத் திறக்காது. அழுத்தாமல் ஐந்து நிமிடம் விட்டால், பெருங்களத்தூர் அலுவலகத்தில் இருக்கும் ஷிஃப்ட் லீடர் பிரணவ் போனில் கூப்பிட்டுவிடுவான்.

பட்டியலைத் திறந்து தேடினாள். வங்கிகள், கிடங்குகள், மருத்துவமனைகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத 'டெஸ்ட்' என்ற குழுவில் அது இருந்தது.

அக்கா பெல். பச்சை. சிக்னல் முப்பது சதவீதம்.

ஷீலாவின் கை சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது. வெளியே செங்கல்பட்டு லோக்கல் ரயில் மழைக்குள் ஊதிக்கொண்டே போனது.

அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். அக்கா செல்வமேரி அவளைவிடப் பதினோரு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு தனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும், பின்னறைக் கட்டிலோடு அவள் உலகம் முடிந்தது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிற ஷீலாவுக்கு அவள் குரல் கேட்காது. அதற்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு வைஃபை பெல் வாங்கி, கம்பெனி மென்பொருளிலேயே திருட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டாள். அக்கா அழுத்தினால் திரையில் சிவப்பு விழும். ரவுட்டர் ஹாலில், அக்கா இரண்டு சுவர்களுக்கு அப்பால். அதனால் பெல்லின் சிக்னல் எப்போதும் முப்பது சதவீதம்தான்.

"பாப்பா, இத்த அமுக்குனா வந்துடுவியா?" என்று அக்கா கேட்டிருந்தாள், வாய் ஒரு பக்கம் கோணியபடி.

"ஒரே ஒரு தடவ அமுக்கு. ஓடி வந்துடுவேன்."

போன வருஷம் இதே தேதி, இதே மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கோ கேபிள் அறுந்து, ஒரே நிமிடத்தில் இருநூற்றுப் பதினான்கு சிவப்புகள் வந்து விழுந்தன. அந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் அப்போது செய்வதைத்தான் அவளும் செய்தாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தாள், அக்னாலெட்ஜ் அழுத்தினாள், குறிப்பில் 'செக்கிங்' என்று அடித்தாள். பிறகு ஹெட்போனோடு இருபது பேர் கத்துகிற கான்ஃபரன்ஸ் காலில் நான்கு மணி நேரம் மூழ்கிப்போனாள். அந்த இருநூற்றுப் பதினான்கில் ஒன்று அக்கா.

இரவு ஒன்பது நாற்பதுக்கு ஹெட்போனைக் கழற்றித் திரும்பியபோது, அக்கா பின்னறையில் இல்லை. சமையலறையிலிருந்து ஹாலுக்கு வரும் வாசற்படியில் கிடந்தாள். ஒற்றைக் கையால் தன்னை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். ஷீலாவின் நாற்காலிக்கும் அந்தக் கைக்கும் நடுவே நான்கு அடி இருக்கலாம். உடம்பு ஆறிப்போயிருந்தது.

ஷீலா அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். தரையைத் துடைத்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னாள். நல்ல சாவு என்று சர்ச்சில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை ஒவ்வொன்றாக அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். நடந்தது அந்த மென்பொருளுக்கு மட்டும் தெரியும். பெல் அடித்த நேரம், அதை அடக்கியவர் பெயர், குறிப்பு எல்லாம் ஒரு வரியாகப் பதிவில் கிடந்தது. நடுவில் அழிக்கப் போனால் அழித்த தடயமும் பதிவாகும். ஆனால் ஒரு வருஷம் ஆன பதிவுகளை, தினமும் இரவு ஒன்பது மணிக்கு, மென்பொருள் தானே துடைத்துவிடும். இன்றைக்கு ஒன்பது மணிக்கு அந்த வரியும் போய்விடும். அதற்காகத்தான் அவள் விடுப்பு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

படுக்கையறை பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் பெல் இருந்தது. அதன் பேட்டரியை அவள் அன்றே கழற்றி எறிந்து, மென்பொருளிலும் அதை நிறுத்திவைத்திருந்தாள். பின்பக்க மூடியைத் திறந்தாள். உள்ளே காலியாகத்தான் இருந்தது. கொண்டுவந்து மேசையில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

அவ்வளவு பக்கத்தில் நூறைத் தொட வேண்டிய சிக்னல், திரையில் முப்பது சதவீதத்திலிருந்து மாறவில்லை.

பிரணவே போன் செய்தான். டெஸ்ட் குழுவில் ஏதோ பழையது ஒன்று உயிர் பெற்றிருக்கிறது, பார்த்தீர்களா என்றான். "டெலிட் பண்ணிடட்டுமா மேம்? ஹிஸ்டரி பாத்துட்டு தூக்கிடறேன்."

ஹிஸ்டரி என்ற சொல் அவள் காதில் நின்றது. வேண்டாம், அது என்னுடையது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டான். அப்போதே டெலிட் பண்ணச் சொல்லியிருக்கலாம். மூன்று மணி நேரம் பொறுத்தால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறவளுக்கு அது எப்படித் தோன்றும்?

ஆறரைக்கு எதிர்வீட்டு ஜெயக்கொடி குடையோடு வந்து கதவைத் தட்டினாள். புருஷனும் பிள்ளைகளும் ஆட்டோவில் காத்திருந்தார்கள். தெருமுனையில் முழங்கால் தண்ணீர், கூடுவாஞ்சேரியில் அவள் நாத்தனார் வீடு மேட்டில் இருக்கிறதாம்.

"தண்ணி ஏறிகினே கீது ஷீலா. இந்நேரத்துல இன்னாத்துக்கு தனியா குந்திகினு கீற? கெளம்பு, நம்மளோட வா."

ஷிஃப்ட் பத்து மணிக்குத்தான் முடியும் என்று ஷீலா சொன்னாள். ஜெயக்கொடி அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யார்னா வந்துகீறாங்களா? தைல வாசன வருதே."

யாருமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. அப்புறம்தான் வாசனை அவளுக்கும் எட்டியது. நீலகிரித் தைலம், டெட்டால், அதற்கு அடியில் மாற்றாத படுக்கை விரிப்பின் ஈரம். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற பின்னறையிலிருந்து, மெதுவாக, சமையலறை வழியாக, அந்த வாசனை வந்துகொண்டிருந்தது.

சோற்றை வடித்தாள், சாப்பிடவில்லை. டி.வி. பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. ஏழரைக்கு மின்சாரம் போனது. விசிறி நின்றது. இன்வெர்ட்டர் முனகிக்கொண்டு ரவுட்டரையும் திரையையும் மட்டும் தாங்கிப் பிடித்தது. மூவாயிரம் பச்சைப் புள்ளிகளின் வெளிச்சத்தில் ஹால் பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தது. கூரையில் மழை இறங்கியது, சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டியது, கொல்லைப்புறத்தில் தவளைகள் விடாமல் கத்தின. இவ்வளவு சத்தங்களுக்கும் அடியில், பின்னறையில் இரும்புக் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டதை அவள் தெளிவாகக் கேட்டாள். அந்தக் கட்டிலை அவள் பிப்ரவரியிலேயே சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

சிக்னல் முப்பத்தெட்டு.

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பயந்தவர்கள் போர்வையை இழுத்துக்கொள்வார்கள், அவளுக்குத் தெரிந்த போர்வை அது. ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிட மோசமாக இருந்தது. கழற்றினாள்.

ஏதோ தரையில் இழுபடும் சத்தம். நிற்கும். மூச்சு வாங்குகிற நேரம். மறுபடி இழுபடும்.

ஐம்பத்திரண்டு.

எழுந்து வாசல் கதவைத் திறந்து ஓடிவிடலாம். ஓடினால் எங்கே போவது? தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. தவிர, ஒன்பது மணிக்கு அந்த வரி போவதை அவள் கண்ணால் பார்த்தாக வேண்டும். மணி எட்டே முக்கால்.

"அக்கா," என்றாள் இருட்டைப் பார்த்து. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னாள். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா நான் பாக்கல."

இழுபடும் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல நின்றது. பிறகு சமையலறைத் தரையில் மறுபடி தொடங்கியது.

எழுபது.

எண்பத்தொன்று.

ஹால் வாசற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. கொல்லைக் கதவு வழியாக மழைத் தண்ணீர் ஏறியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அது வெதுவெதுப்பாக இருந்தது. தைல வாசனை அடித்தது.

மணி ஒன்பது. பதிவுப் பட்டியல் ஒரு தடவை நடுங்கியது. போன வருஷத்து வரிகள் கொத்தாக மறைந்தன. இருநூற்றுப் பதினான்கும் போயின. அவள் தேடினாள், மறுபடி தேடினாள். இல்லை. எங்கும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதி என்றுதான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

தொண்ணூற்றொன்பது.

ரவுட்டர் இருப்பது மேசையில். மேசைக்கு அடியில் அவள் கால்கள்.

எழுந்தாள். கணுக்காலை ஏதோ பிடித்தது. ஈரத்தில் வழுக்கி, மேசை விரிப்பை இழுத்துக்கொண்டு விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்தது. சத்தம் அவளுக்கே கேட்டது. வலியில் கண் இருண்டு, திரும்ப வெளுத்தது. இடது கால் அசையவில்லை. போன் மேசையின் மறுகோடியில். எட்டாத உயரம். கத்தினாள். மழைதான் கேட்டது.

விரிப்போடு விழுந்த பெல் கைக்கருகே கிடந்தது.

பேட்டரி இல்லாத பெல். அமுக்கினாள்.

சுவரில் பெரிய சிவப்பு. கீச். கீச். கீச்.

அக்கா பெல், சிவப்பு. அவளுக்கு உயிர் வந்தது. ஐந்து நிமிடம். யாரும் தொடாவிட்டால் பிரணவ் கூப்பிடுவான். எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவான். ஐந்தே நிமிடம். எண்ணத் தொடங்கினாள்.

ஒரு நிமிடம். சிவப்பு அப்படியே இருந்தது.

இரண்டு. மூன்று.

விசைப்பலகை தட்டும் சத்தம். மேலே, மேசையில். ஒற்றை விரலால், நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி.

"அக்கா, வேண்டாம்."

நான்கு நிமிடம் ஐம்பது நொடி. கீச்சொலி நின்றது. சிவப்பு மஞ்சளானது. அக்கா பெல்லின் பெயரில் காலியாகக் கிடந்த பதிவில் புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது. தரையிலிருந்தே படிக்க முடிந்தது.

அக்னாலெட்ஜ் செய்தவர்: செல்வமேரி. குறிப்பு: செக்கிங்.

ஷீலா பெல்லை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் மாறவில்லை. மேசையின் மறுகோடியில் போன் இருண்டு கிடந்தது. வரியின் ஓரத்தில் மூன்று மணி நேரம் ஐம்பத்தொன்பது நிமிடம் என்று மீதி நேரம் குறைந்துகொண்டிருந்தது. அவளுடைய நாற்காலி, யாரோ வசதியாக உட்கார்ந்து முன்னால் இழுத்துக்கொள்கிற மாதிரி, மேசைப் பக்கம் நகர்ந்தது.