பெட்டி சொன்னதும் மூக்கு சொன்னதும்

சுவரில் இருந்த கன்ட்ரோலர் பெட்டி மறுபடியும் கத்த ஆரம்பித்தபோது நவ்ஷாத்துக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நேற்று ராத்திரி ஷிப்டுக்கு வந்தவன். மாற்ற வரவேண்டிய பிரவீன்ராஜ் காய்ச்சல் என்று சொல்லிவிட, இன்றைய பகலும் அவன் தலையில் விழுந்து, இப்போது பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குள் மண் விழுந்தது போல் உறுத்தியது. திரையில் அதே செய்தி: மருந்து போகவில்லை.

திருவெறும்பூரைத் தாண்டி, ஒரு மேட்டில், கம்பிவேலிக்குள் இருந்தது அந்த கேஸ் ஸ்டேஷன். பூமிக்கடியில் வருகிற கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியவேண்டுமே என்று, வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் அதில் சொட்டுச் சொட்டாக ஒரு நாற்ற மருந்தைக் கலந்து அனுப்புவார்கள். அழுகிய முட்டைக்கோசும் பூண்டும் சேர்ந்த நாற்றம். மருந்து ஒழுங்காக விழுகிறதா என்று காவல் காப்பது பெட்டியின் வேலை. பெட்டியைக் காவல் காப்பது நவ்ஷாத்தின் வேலை.

சில நாட்களாகவே பெட்டி இப்படித்தான் படுத்தியது. "சென்சார் போயிருச்சுண்ணே. அமுக்கி விட்டுட்டு மோந்து பாருங்க. எனக்கு மூக்கே அடைச்சுக் கிடக்கு, நீங்க பாத்தா போதும்" என்பான் பிரவீன்ராஜ். அங்கே அதுதான் வழக்கம். அலாரம் அடித்தால் பொத்தானை அமுக்குவது, டெஸ்ட் குழாயைக் கொஞ்சம் திறப்பது, மூக்கை நீட்டுவது. மூக்கைவிட ஒசத்தியான மெஷின் உண்டா என்று பெருமை வேறு. நவ்ஷாத் போய்த் திறந்தான். நாறியது. அமுக்கிவிட்டு நாற்காலியில் சரிந்தான். கண்ணை மூடுவதற்குள் மறுபடி கத்தல்.

தூக்கம் கெட்ட கோபத்தில், இந்தத் தடவை ஒழுங்காகவே பார்த்துவிடுவது என்று எழுந்தான். பம்ப் டக், டக் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. வால்வுகள் திறந்திருந்தன. டேங்கின் அளவுமுள் முக்கால் என்றது. லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனது பக்ரீதுக்கு முன்னால். அன்றைக்கும் முக்கால்தான். கண்ணாடியைத் தட்டினான், முள் அசையவில்லை. டேங்கைத் தட்டினான். மேலே, நடுவில், அடியில். எல்லா இடத்திலும் வெறுங்குடத்துச் சத்தம்.

அப்படியானால் நாறுவது எது?

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பெட்டி மட்டும் பேட்டரியில் கத்திக்கொண்டிருந்தது. மேட்டுக்குக் கீழே அவன் வீடு இருந்த காலனி, அதற்கப்பால் தஞ்சாவூர் ரோடு, எல்லாம் இருட்டு. அவன் கையை முகர்ந்தான். நாறியது. வேலியோரம் போய்க் காற்றை முகர்ந்தான். அதே நாற்றம். கேட்டில் காவல் இருந்த செக்யூரிட்டி வீரம்மாள் கொடுத்துவிட்டுப் போன டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து முகர்ந்தான்.

டீயும் நாறியது. அதே முட்டைக்கோசு.

மகளின் தலையெண்ணெய் வாசனையைக் கடைசியாக எப்போது உணர்ந்தோம் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

"அக்கா, இந்தக் குழாயக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"கொடலப் பொரட்டுமே தம்பி." கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள் வீரம்மாள். குனிந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். இன்னும் குனிந்தாள்.

"ஒண்ணுமில்லையே. வெறுங்காத்துல்ல வருது."

ஆபீசுக்குச் சொல்லும்படி அவளிடம் கத்திவிட்டு, ஓடிப்போய்ப் பெரிய வால்வை மூடினான். ஆனால் ஏற்கெனவே போனது காலனிக் குழாய்களில் நிரம்பித்தான் நிற்கும். மனைவி சுராயாவுக்குப் போன் போட்டான்.

"என்னங்க, எப்ப வர்றீங்க? ரிஃபானா தலவலிக்குதுன்னு படுத்தவ, தூங்கிட்டா."

"வீட்ல ஏதாச்சும் நாறுதா?"

"நாத்தமா?" சிரித்தாள். "நீங்க இல்லாம இன்னைக்குத்தான் வீடு நல்லா இருக்கு."

முந்தாநாள் அடுப்பு ட்யூபை மாற்றியது அவன்தான். சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க என்றாள் சுராயா. எதுக்கு, என் மூக்கு இருக்கு என்றான்.

"சத்தம் ஏதும் கேக்குதா?"

அவள் அடுப்பங்கரைப் பக்கம் நடப்பது கேட்டது. "ஃபேன் ஓடுனப்ப தெரியல. இப்பக் கேக்குது. அடுப்பங்கரைல, ஸ்ஸ்னு. கொசு வருதுன்னு ஜன்னலயெல்லாம் சாத்திட்டேன், இல்லாட்டி இவ்வளவு கேக்காது. இருங்க, மெழுகுவத்தி ஏத்திட்டுப் பாக்குறேன்."

"தீப்பெட்டியக் கீழ போடு!"

"யா அல்லாஹ், என்னங்க?"

"சுவிட்சத் தொடாத. புள்ளயத் தூக்கிட்டு வெளிய போ. இப்பவே."

காலடிச் சத்தம் உள்ளறைக்கு ஓடியது. நல்லவேளை கரண்ட் இல்லை என்று ஒரு கணம் நினைத்தான். வந்துவிட்டால்? போட்ட சுவிட்சுகள் போட்டபடியே இருக்கும். ஃபேன். ஃபிரிட்ஜ். ஹால் விளக்கு.

தஞ்சாவூர் ரோட்டில் வெளிச்சம் வந்தது.

"எந்திரிக்க மாட்டேங்குறா. உடம்பு தொவண்டு கெடக்குங்க."

"தூக்கு. தூக்கிட்டு ஓடு."

பள்ளிவாசல் மினாராவில் பச்சை விளக்கு. பிறகு காலனியின் முதல் தெரு. ஜன்னல் ஜன்னலாக. காதில் அவள் மூச்சு. ஏதோ உருண்டது. அடுத்த தெரு. தாழ்ப்பாள் உரசியது. திறக்கவில்லை. மறுபடி உரசியது.

"சுராயா."

அவன் தெருவுக்கும் கரண்ட் வந்தது.

மேட்டிலிருந்து பார்க்க எல்லா வீடுகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒரு வீட்டு ஜன்னல்கள் மட்டும் மற்றவற்றைவிட வெளிச்சமாக, வெள்ளையாக, விரிந்துகொண்டே போயின. போனில் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் மேட்டுக்கு வந்துசேரவில்லை.